எழுதுவோன் வழுவை எழுதுவது யார்?

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, பழைய இலக்கியம் ஒன்றைத் தொட்டு எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். எனினும், சில காலத்துக்கு முன் எமக்கு நேர்ந்த தவறொன்று நெஞ்சை விட்டு நீங்காமையால் அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நாம் முன்பு பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே, கணினி அறையைப் பார்க்க ஆளில்லாமையால் அப்பொறுப்பு தமிழாசிரியராகிய எம் தலையில் விழுந்தது. அங்குள்ள கணினிகள் தத்தமக்கு நேரும் குறைகளை ஒரு கணினிக்கு அறிவிக்கும்; அதிலுள்ள பதிவுச் செய்நிரல் அவற்றை நாளும் நேரமும் குறித்து எழுதி வைக்கும். அதிபர் மேசையிலுள்ள சம்பவத்திரட்டுப் புத்தகம் போன்றதே அது. வெள்ளிதோறும் அதனைத் திறந்து, புதிய வழுச்செய்தி உண்டோவெனத் தேடுவோம். ஒன்றும் அகப்படாது. அகமகிழ்ந்து மூடிவிடுவோம்.

மாரிகாலத்தில் ஒருநாள், தவணைப் பரீட்சைப் புள்ளிகள் இருந்த கணினி அடியோடு பழுதாயிற்று. எம் கல்லூரிப் பழைய மாணவரும் கொழும்பில் கணினித் தொழில் புரிபவருமான அன்பர் ஒருவர் வந்து சோதித்தார். “சேர், இந்தக் கணினி பல கிழமையாக எச்சரித்திருக்கிறது. எழுத வேண்டியதுதான் எழுதவில்லை” என்றார். பதிவுக் கணினியின் வட்டு நிரம்பியிருந்தது. “எழுத இடமில்லை” என்னும் தன் குறையையும் அச்செய்நிரல் நிரம்பிய அதே ஏட்டிலேதான் எழுத முயன்றிருந்தது!

புள்ளிகளை மீட்பதற்காக விடைத்தாள்களைத் திரும்பக் கொண்டுவருமாறு மாணவரைக் கேட்டோம். படுவான்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் தாள்கள் வெள்ளத்தில் அழிந்து போயின. அவளுக்கு முந்திய தவணைப் புள்ளிகளையே இட்டோம். அத்தவணையில் அவள் அரும்பாடுபட்டு முன்னேறியிருந்ததை நாம் அறிவோம். அவளோ ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இக்குறைக்கு அறிஞர் வழி கண்டிலரோ என அன்பரை வினவினோம். 1980களில் அமெரிக்காவின் பேர்க்கிலியில் எரிக் ஆல்மன் என்பார், சென்ட்மெயில் என்னும் அஞ்சல் செய்நிரலோடு சேர்த்து ஆக்கியது ‘சிஸ்லொக்’. அதன் வழிவந்தனவே இன்று உலகெங்கும் வழங்கும் பதிவு முறைகள் பல. அம்முறையில் செய்திகள் 0 முதல் 23 வரை எண்ணிட்ட 24 பிரிவுகளாகவும், 0 முதல் 7 வரை எட்டுக் கடுமை நிலைகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. அஞ்சலுக்கு 2ஆம் பிரிவு. 5ஆம் பிரிவோ பதிவுச் செய்நிரல் தன்னைப் பற்றித் தானே சொல்வதற்கென ஒதுக்கப்பட்டது. பிரிவெண்ணை எட்டால் பெருக்கிக் கடுமையெண்ணைக் கூட்டினால் செய்தியின் முகப்பெண் வரும். வழுவின் கடுமையெண் 3. ஆகவே 43 என்னும் எண்ணோடு வருவது, எழுதுவோன் தன் வழுவைத் தானே ஒப்புக்கொள்ளும் செய்தியாகும். 2009ஆம் ஆண்டில் வெளியான இணைய நியமமும் இவ்விடத்தைப் பேணியுள்ளது.

இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. ‘சிஸ்லொக்-எஞ்சி’ என்னும் செய்நிரலில், அகச்செய்திகள் எந்த ஏட்டுக்குச் செல்லவேண்டுமென நாமே அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும். மறந்தால் அவை ஏடேறா. அன்றியும், எழுத முடியவில்லை என்பதையே எழுத முனைந்தால் அதுவும் தவறும். அத்தவறு மற்றொரு செய்தியைப் பிறப்பிக்கும். கிணற்றில் விழுந்த வாளியை அதே வாளியால் எடுக்க முயல்வது போன்றது இது. ஆதலின், அகவழுவுக்கு ஏட்டைச் சாராத வேறொரு வழி வேண்டும். இயக்குவோர் திரைக்குச் செல்லும் நியம வழு வெளியீடு அத்தகையது. ஒரே முறைப்பாடு ஓயாது பெருகாதவாறு அளவும் வேண்டும்.

யாவற்றினும் எம்மைக் கவர்ந்தது மற்றொன்று. பழைய சிஸ்லொக், வேறு செய்தி இல்லாத வேளையிலும், வழக்கமாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை ‘மார்க்’ என்றொரு குறியை ஏட்டில் இடும். இரவுக் காவலன் மணியடிப்பது போல, “விழித்திருக்கிறேன்” என்பதே அதன் பொருள். அக்குறி இருப்பின் அமைதி நலத்தைக் காட்டும். இல்லையேல் அமைதியே ஆபத்தைக் காட்டும். மீன் பாடவில்லை என்பதற்காக வாவியில் மீனே இல்லையென நம் மீனவர் எவரும் தோணியைக் கரையேற்றார். நாமோ, வழுச்செய்தி இல்லாமையை வழுவின்மையெனக் கொண்டோம்.

திணை வழு, பால் வழு என எழுவகை வழுவையும் இருபது ஆண்டுகளாக மாணவருக்குக் கற்பித்து வருகின்றோம். அவர்தம் கொப்பிகளில் சிவப்பு மையால் வட்டமிடுவதில் எமக்குத் தயக்கமே இருந்ததில்லை. எமது வழுவைக் குறிக்க ஓரிடம் வேண்டுமென்று மட்டும் எண்ணினோமில்லை. இப்போது எம் பாடக்குறிப்புப் புத்தகத்தின் இறுதிப் பக்கத்தை அதற்கென ஒதுக்கியுள்ளோம். கரும்பலகையில் நாம் இழைக்கும் பிழையைக் கண்ட மாணவர் எழுந்து சொல்லலாம். அதனைத் திகதியிட்டு எழுதிக்கொள்வோம். பிழை காணாத கிழமையில் “இக்கிழமை பார்த்தோம், ஒன்றும் இல்லை” என்று எழுதுகின்றோம். அப்பக்கத்தின் முதல் வரியில் அம்மாணவியின் புள்ளி பற்றிய குறிப்பு உள்ளது.

கல்லூரி அன்னையின் சாதனைகளை இம்மலர் நிரம்ப எழுதும், எழுதவும் வேண்டும். அடுத்த விழாவுக்குள், அவள் குறைகளை எழுதுவதற்கும் ஒரு பக்கத்தை நாம் திறந்து வைப்போமாக. கல்லூரி அன்னை வாழ்க!