கூந்தலை அவிழ்த்துக் காட்டு

ஹகோனே மலையில், ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் ஆஷி ஏரி. நடுவே ஒடுங்கிப் போகும் தோகாய்தோ பெருவழியை மறித்து நிற்கிறது ஒரு சோதனைச் சாவடி. சுவர்ப் பலகை, தூண், கதவு எல்லாம் கறுப்பு. பனிச்சை இனத்துக் காயின் துவர்ச்சாற்றில் பைன் மரக் கரியைக் குழைத்துப் பூசிய கறுப்பு. ஒரு வாசல் கியோட்டோவைப் பார்க்கிறது, மற்றது எடோவை, அதாவது இன்றைய டோக்கியோவை.

உள்ளே அதிகாரிகளும் காவலர்களும் ஆளுயரப் பொம்மைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலை முதல் கால் வரை வெறும் சாம்பல். அவர்கள் உடுத்திய துணியின் நிறத்துக்குச் சான்று கிடைக்கவில்லையாம். அதனால் வண்ணம் பூசவில்லை. தெரியாததைப் பூசி மெழுகாமல் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. சுவரோரம் வில், ஈட்டி, துப்பாக்கி. ஒரு கழியின் நுனியில் மட்டும் முள்முள்ளாகக் கொக்கிகள். ஓடுகிறவனின் தொங்கும் கைத்துணியில் மாட்டிச் சுழற்றினால் ஆள் விழுவான்.

பள்ளிப் பிள்ளைகள் காவலர் பொம்மையோடு படம் எடுத்துவிட்டு ஓடுகிறார்கள். பெரியவர்கள் நிற்பது இன்னொரு உருவத்தின் முன்னால். அங்கே ஒருத்தி கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கிழவி அந்த முடிக்குள் கைவிட்டுத் துழாவுகிறாள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண்ணின் கை தன் கொண்டை ஊசிக்குப் போய்விட்டு இறங்குகிறது.

நாட்டை ஆண்ட வீரர்களுக்குப் பெண்ணின் கூந்தலில் என்ன வேலை? 1635இல் ஜப்பானை ஆண்ட ஷோகுன் இயெமிட்சு ஒரு விதியை எழுத்தில் வைத்தார். சிற்றரசர்கள் ஓராண்டு சொந்த நாட்டிலும் மறு ஆண்டு எடோவிலும் இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மனைவியும் வாரிசும் தலைநகரிலேயே தங்க வேண்டும். உண்மையில் அவர்கள் பிணை. ஒரு சிற்றரசரின் மனைவி வேலைக்காரி வேடத்தில் மலை தாண்டுகிறாள் என்றால், ஊரில் அவள் கணவர் கலகத்துக்குத் தயாராகிறார் என்று பொருள். ஆகவே எடோவிலிருந்து வெளியேறும் பெண் ஒவ்வொருத்தியையும் உற்றுப் பார்த்தாக வேண்டும். வாள் கட்டியவன் பெண்ணைத் தொட்டுச் சோதிக்க முடியாது. அதற்குத்தான் இந்தக் கிழவி. காவலர் குடும்பத்துப் பெண்மணி. இரண்டரை நூற்றாண்டு அமைதியில் பாதி இவள் விரல் நுனியில் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

பெண்ணிடம் பயணச் சீட்டு இருக்க வேண்டும். துறவியா, முடி கத்தரித்த விதவையா, இளம்பெண்ணா என்று அதில் குறித்திருக்க வேண்டும். குறித்ததும் ஆளும் ஒத்துப்போக வேண்டும். கூத்தாடிகள் பாடு பரவாயில்லை. சீட்டுக்குப் பதில் வித்தை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மருகமே ஊரின் கவிஞர் இனோவே ட்சூஜோ 1681இல், தன் நாட்டுச் சிற்றரசரின் தாயாருக்குப் பணிவிடை செய்ய எடோவுக்குப் புறப்பட்டார். வயது இருபதைத் தாண்டி ஓரிரண்டு. இதே பெருவழியில், எடோவுக்குப் போகும் பெண்களையும் விடாத அராய் சாவடியில் அவரை நிறுத்திவிட்டார்கள். சீட்டில் 'பெண்' என்று மட்டும் இருந்தது. அவர் உடுத்தியிருந்ததோ அக்குள் பக்கம் தைக்காமல் விட்ட கிமோனோ. மணமாகாத இளம்பெண்ணின் உடை. அப்படியென்றால் சீட்டும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒசாகாவுக்கு ஆள் அனுப்பிப் புதுச் சீட்டு வரும்வரை வழியிலேயே காத்துக் கிடந்தார். நல்ல குடும்பம், படிப்பு, அரண்மனை அழைப்பு எதுவும் அக்குளில் விட்டுப்போன அந்தத் தையலுக்கு ஈடாகவில்லை.

அவர் காத்திருந்ததோடு போயிற்று. 1702இல் ஓதாமா என்ற பெண்ணுக்கு அதுவும் வாய்க்கவில்லை. எடோவில் வேலைக்கு இருந்தவள் வீட்டு நினைப்பு தாளாமல், சீட்டில்லாமல், ஈசு தீபகற்பத்தில் இருந்த சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஹகோனே சாவடிக்குத் தப்பி மலைக்குள் புகுந்தபோது பிடிபட்டாள். தலை போயிற்று. எந்தச் சிற்றரசருக்கும் அவள் மனைவியில்லை. அவளை மறைத்து வைத்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. விதி அதையெல்லாம் கேட்கவில்லை. பழைய மலைப்பாதை ஓரத்துக் குளம் ஒன்றுக்கு இன்று அவள் பெயர்.

1862இல் விதி தளர்ந்தது. சிற்றரசர்களின் மனைவிமார் ஊர் திரும்பலாம் என்றார்கள். மூட்டை முடிச்சோடு பல்லக்குகள் எடோவைவிட்டு வெளியேறின. கிழவிக்கு இனி யார் தலையைத் துழாவ? ஆனாலும் 1865இல் இந்தச் சாவடியைப் பிரித்துப் பழுதுபார்த்து, செய்த வேலையையெல்லாம் அளவோடு ஏட்டில் ஏற்றியிருக்கிறார்கள். என்ன அக்கறையோ! நான்கே ஆண்டில், 1869இல், சாவடியையே ஒழித்துவிட்டார்கள். அந்தக் கணக்கேடு ஈசுவில் ஒரு பழைய அதிகாரிக் குடும்பத்தின் ஏட்டுக்கட்டுக்குள் கிடந்து, 1983இல் அகப்பட்டது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் தச்சர்கள் 2007இல் இதைக் கட்டி முடித்தார்கள்.