ஜன்னலோரம் ஒரு முருங்கை

வெள்ளகோவிலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் முருங்கைக்காய் வரத்து. சுற்றுவட்டார விவசாயிகள் கொள்முதல் நிலையத்தில் காயைக் கொண்டுவந்து இறக்க, மர முருங்கை, செடி முருங்கை, கரும்பு முருங்கை என்று தனித்தனியாக விலை போடுவார்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைமடை அது. தண்ணீர் வந்தால் வந்ததுதான். அங்கே பொடக்காளியில் ஒரு கொம்பை வெட்டி நட்டால் தானே துளிர்த்துக்கொள்ளும்.

டொராண்டோவில் அதே மரத்துக்குத் தொட்டிதான் தோட்டம். ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைக்குத் துணையாக நிற்கிறது. உறைபனி பட்டால் குருத்து கருகிவிடும். எனவே மே கடைசியில் வெளியே, செப்டம்பர் முடிவதற்குள் உள்ளே. டிசம்பர் பகல் ஒன்பது மணி நேரம்தான். தெற்கு பார்த்த ஜன்னலும் போதாமல் மேலே எல்.இ.டி. விளக்கு எரிகிறது.

“முருங்கைக்கு எதுக்கு சாமி இத்தன பண்டுதம்?” என்று வீடியோ அழைப்பில் ஊர் அம்மாக்கள் சிரிக்கிறார்கள்.

வெள்ளைக்காரர் வீட்டு மூலையில் நிற்கும் ரப்பர் செடியும் நம் நாட்டு மரம்தான். மேகாலயாவில் காசி மக்கள் அதன் வேர்களைப் பின்னி ஓடைக்குக் குறுக்கே பாலம் வளர்க்கிறார்கள். அது நிழலைப் பொறுத்துக்கொள்ளும், முருங்கை பொறுக்காது. ஹீட்டரின் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி வேறு பற்றும். இலை கொட்டியதும் பதறிப்போய் நீர் ஊற்றுபவர்கள்தான் செடியை இழக்கிறார்கள். கிழங்குபோலப் பருத்த வேரில் இலையில்லாத காலத்துக்கான சேமிப்பு இருக்கிறது. ஈரம் மிஞ்சினால் முதலில் அழுகுவதும் அந்த வேரே. ஆழமான தொட்டி, மணல் கலந்த மண், மேல்மண் காய்ந்தபின் கொஞ்சம் நீர் என்றால் குளிர்காலத்தைத் தாண்டிவிடும்.

தொட்டிக்குச் செடி முருங்கையே தோது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் விதையில் முளைத்து, ஊரில் ஆறேழு மாதத்தில் காய்க்கும். வயலில் 75 சென்டிமீட்டர் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளை விடச் செய்வார்கள். டொராண்டோவிலும் அதே கிள்ளல்தான். கிள்ளிய கொழுந்து அன்றைக்கே வாணலிக்குப் போகிறது.

காய் எதிர்பார்ப்பதற்கில்லை. பூத்தாலும் மகரந்தம் சுமக்க வீட்டுக்குள் வண்டு ஏது? தூரிகையால் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. பிஞ்சு தங்குவது அரிது. சாம்பாருக்கான காய், நறுக்கிய துண்டுகளாகத் தமிழ்க் கடை உறைபெட்டியிலிருந்து வருகிறது. தொட்டியின் வேலை கீரை மட்டுமே. ஒரு தொட்டிக் கீரை நாலு பேருக்குக் காணாது என்பதால் சில வீடுகளில் ஜன்னலோரம் இரண்டு மூன்று தொட்டிகள் இடம் பிடித்திருக்கின்றன.