பழைய பாட்டு, புதுத் தாளம்

காட்டுமன்னார்கோயிலில் இருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஒரு ரீமிக்ஸ் பாட்டைப் போட்டுப் பாருங்கள். பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிடும். பின் சீட்டுப் பையன்கள் தாளம் போடுவார்கள். முன் சீட்டுப் பெரியவர், "நல்ல பாட்டை இப்படிக் கொல்றானுங்களே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி!

தமிழ் சினிமாவின் முதல் ரீமிக்ஸ் என்று பலரும் சொல்வது 2003-ல் வந்த 'குறும்பு' படப் பாட்டைத்தான். 'அடுத்த வாரிசு' (1983) படத்துக்கு இளையராஜா போட்ட 'ஆசை நூறு வகை'யை மகன் யுவன் எடுத்துக்கொண்டார். அது ஏற்கெனவே ஆட்டப் பாட்டு. பெரிய சேதாரம் இல்லை.

உருக்கமான பாட்டில்தான் சிக்கல். நடனத் தாளம் நிமிடத்துக்கு 120, 130 அடி ஓடும். மெல்ல நகரும் பாட்டோ 65, 70 தான். அவசரக்காரர் குரலையே வேகமாக ஓட்டிவிடுவார். கமகம் நசுங்கும், பாடியவர் மூச்சு விட்ட இடம் காணாமல் போகும். அந்த மூச்சில்தானே சோகமே இருந்தது? விவரம் தெரிந்தவர் குரலை 65-லேயே விட்டுவிட்டு, கீழே தாளத்தை மட்டும் 130-ல் ஓட்டுவார். குரல் முதல் காலம், தாளம் இரண்டாம் காலம். அவ்வளவுதான் ரகசியம்.

சட்டமும் பெரியவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 2012 திருத்தத்தின்படி, ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே கவர் பாடலாம். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது.

'நியூ' (2004) படத்தில் ரகுமான் வேறு வழியில் போனார். 'படகோட்டி'யில் (1964) வாலி எழுதிய 'தொட்டால் பூ மலரும்' வரிகளை வைத்துக்கொண்டு, விஸ்வநாதன்-ராமமூர்த்தி மெட்டை விட்டுவிட்டுப் புது மெட்டே போட்டார். இதை ரீமிக்ஸ் என்பதே தப்பு. பழைய மெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லையே.

பழைய சொல்லுக்குப் புது இசை என்பது காட்டுமன்னார்கோயிலுக்குப் புதிதும் இல்லை. வீரநாராயணபுரம் என்ற இதே ஊரில் பிறந்த நாதமுனிகள், தேடிக் கண்டெடுத்த நாலாயிரம் பாசுரங்களுக்குத் தன் மருமகன்கள் இருவரோடு சேர்ந்து இசை வகுத்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. அந்த இசையில் பெரும்பகுதி இன்று இல்லை. பாசுரங்களை மட்டும் இன்றும் ஓதுகிறார்கள்.