பத்துப் பாட்டில் இல்லாத பெயர்

சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் விடுதி அறையில் நான்கு பேருக்கு ஒரு டேப் ரெக்கார்டர். படிப்பை முடித்துப் போன சீனியர் அண்ணன் ஒருவர் சில கேசட்டுகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் ஒன்று பாப் டிலனின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. மூக்கால் பாடும் குரல், நடுநடுவே மௌத் ஆர்கன். ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் இரவு கரண்ட் இருக்கும்வரை அதுதான் ஓடும். அநீதியைப் பார்த்துக் கேள்வி கேட்கிற குரல் என்பது மட்டும் புரிந்தது. அந்த வயதில் அது போதுமாக இருந்தது.

ரொம்ப நாள் எனக்கு டிலனைத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அந்தப் பத்துப் பாட்டுதான்.

அந்த ஆல்பம் 1967 மார்ச்சில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு டிலன் ஒதுங்கி இருந்தார். புதுப் பாட்டு வரவில்லை. கொலம்பியா நிறுவனம் இருப்பதிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுத்துத் தட்டாக்கியது. கூடவே மில்டன் கிளேசர் வரைந்த, வண்ண வண்ணமாய் முடி நெளியும் அந்தப் பிரபலமான போஸ்டரும். நன்றாக விற்ற பாடல்கள், மற்ற குழுக்கள் பாடிப் பெயர் வாங்கிய பாடல்கள் என்று பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். வியாபாரம் அப்படித்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போராட்டப் பாட்டை ஒதுக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. சிவில் உரிமை ஊர்வலங்களில் பாடப்பட்ட 'புளோயிங் இன் தி விண்ட்' அதில்தான் இருக்கிறது. 'தி டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சிங்' இருக்கிறது. அப்படியானால் எது இல்லை?

பல ஆண்டுகள் கழித்து, ஒரு தோழர் பென்டிரைவில் டிலனின் பழைய ஆல்பங்களை முழுதாகக் கொடுத்தார். 1964-இல் வந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு: 'தி லோன்சம் டெத் ஆஃப் ஹேட்டி கேரல்'. கேட்டுவிட்டு அந்த வழக்கைத் தேடிப் படித்தேன். வழக்கறிஞன் புத்தி.

1963 பிப்ரவரி. மேரிலாந்து மாநிலம், பால்டிமோர் நகரின் எமர்சன் ஹோட்டலில் வெள்ளைக்காரப் பணக்காரர்களின் நடன விருந்து. ஹேட்டி கேரல் அங்கே மது பரிமாறும் வேலையில் இருந்த கறுப்பினப் பெண். வயது 51. வில்லியம் ஜான்ட்ஸிங்கர், வயது 24, புகையிலைப் பண்ணைக்காரன். கேட்ட விஸ்கி வரத் தாமதம் என்று இனத்தைச் சொல்லித் திட்டி, கையில் இருந்த தடியால் அவரை அடித்தான். கொஞ்ச நேரத்தில் அவர் நிலைகுலைந்தார். விடிந்தபோது உயிர் இல்லை. மூளையில் இரத்தக்கசிவு.

போஸ்ட்மார்ட்டத்தில் என்ன வந்தது? உயர் இரத்த அழுத்தம். இறுகிப்போன இரத்தக் குழாய்கள். தடி பட்ட காயம் பெரிதாக இல்லை. கொலை வழக்கு, கொலையாகாத மரண வழக்காகக் குறைந்தது. மூன்று நீதிபதிகள் அவனைக் குற்றவாளி என்றார்கள். தண்டனை ஆறு மாதம், 500 டாலர் அபராதம். அதையும் உடனே அனுபவிக்க வேண்டாம், புகையிலை அறுவடையை முடித்துவிட்டு வரட்டும் என்று செப்டம்பர் நடுவில்தான் சிறைக்கு அனுப்பினார்கள். தண்டனை சொன்ன நாள் 1963 ஆகஸ்ட் 28. அன்றுதான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பேசினார். அதே மேடையில் டிலனும் பாடினார்.

இன்னொன்று. 1991-இல் அதே ஜான்ட்ஸிங்கர் மறுபடி சிக்கினான். வரி கட்டாமல் அரசு எடுத்துக்கொண்ட, குழாய்த் தண்ணீர்கூட இல்லாத குடிசைகளுக்கு, அவை தன்னுடையவை என்று சொல்லி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களிடம் வாடகை வாங்கிக்கொண்டிருந்தான். அந்த மோசடிக்குக் கிடைத்த தண்டனை, ஹேட்டி கேரலின் உயிருக்குக் கிடைத்ததைவிட நீளம்.

இந்தப் பாட்டு 1967 தொகுப்பில் இல்லை. 1971-இல் வந்த இரண்டாம் தொகுப்பிலும் இல்லை. 1994-இல் வந்த மூன்றாவதிலும் இல்லை. மெட்கர் எவர்ஸ் கொலையைப் பற்றி, அவர் பெயரைச் சொல்லிப் பாடிய பாட்டும் இவற்றில் இல்லை. டிலன் ஹேட்டி கேரல் பாட்டைக் கைவிட்டார் என்று சொல்லவில்லை. மேடைகளில் பல ஆண்டுகள் பாடியிருக்கிறார். பாட்டில் விவரப் பிசகுகளும் உண்டு, கொன்றவன் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஆனால் அதில் செத்தவர் பெயர் இருக்கிறது, அடித்தவன் பெயர் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. பொதுவாக நியாயம் கேட்கும் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடலாம், யாருக்கும் சங்கடமில்லை. பெயர் சொல்லும் பாட்டு அப்படியில்லை. தொகுக்கிறவன் கை அங்கேதான் தயங்குகிறது.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டுக்கொண்டேன். நானும் ஒரு தொகுப்பு போட்டவன்தான்.

பல வருடம் முன்பு ஒரு மாநாட்டுக்காக, எங்கள் பகுதியில் நடந்த வன்கொடுமைகளைத் தொகுத்து ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தோம். பத்து வழக்குகள். தேர்ந்தெடுத்தது நான். எஃப்.ஐ.ஆர். இருக்க வேண்டும், சாட்சி உறுதியாக இருக்க வேண்டும், படித்தவுடன் யாரும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அதில் நான் விட்டது ஓர் அம்மாவின் கதை. களையெடுக்க அரை மணி நேரம் தாமதமாகப் போனார். நிலத்துக்காரர் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, மண்வெட்டிக் காம்பால் தோளில் ஒரு போடு போட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர் விடியற்காலையில் இறந்துபோனார். போஸ்ட்மார்ட்டத்தில் இதயக் கோளாறு என்று வந்தது. போலீஸ் 174-இல் சந்தேக மரணம் என்று எழுதி மூடிவிட்டது. "இது நிக்காது" என்று நான்தான் சொன்னேன். தோழர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

மாநாட்டு வாசலில் அந்த அம்மாவின் மகள் ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு பிரதி வாங்கியது. அங்கேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டியது. பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, அம்மா பேரு எந்தப் பக்கத்துலண்ணே?" என்று கேட்டது.

"அடுத்த பதிப்புல வரும்மா" என்றேன். அடுத்த பதிப்பு வரவில்லை.

ஹேட்டி கேரலின் போஸ்ட்மார்ட்டத்தைப் படித்த இரவு எனக்கு அந்தக் கேள்விதான் திரும்பக் கேட்டது. உடம்பில் நோய் இருந்ததால் அடித்தவன் பொறுப்பு குறைந்துவிடுமா? வயதும் உழைப்பும் அரைத்துப் போட்ட உடம்புகள்தானே நம் அம்மாக்களுடையவை? பால்டிமோரில் எதிர்த்தரப்பு சொன்ன காரணத்தை, நான் எங்கள் தரப்பிலிருந்தே சொல்லியிருக்கிறேன்.

தம்பி, தங்கைகளே, நீங்களும் பட்டியல் போடுவீர்கள். போஸ்டருக்கு, கருத்தரங்குக்கு, ரீல்ஸுக்கு. போட்டுத்தான் ஆக வேண்டும், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத முடியாது. ஆனால் ஒன்று செய்யுங்கள். விட்டுப்போன பெயர்களை இன்னொரு நோட்டில் எழுதி, எதனால் விட்டோம் என்று பக்கத்தில் ஒரு வரி குறித்து வையுங்கள். வழக்கு நிற்குமா என்பது நீதிமன்றத்துக்கான கேள்வி. நடந்ததா என்பது நமக்கான கேள்வி.

போன மாதம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். இப்போது அதற்கே இரண்டு பிள்ளைகள். அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எட்டுப் பக்கம் வந்தது. 'பத்தோடு பதினொன்று' என்று நாம் அலட்சியமாகச் சொல்வோம். இவர்தான் என் பதினொன்று. அடுத்த பதிப்பு இவரிலிருந்து தொடங்கும்.