ஆரைக்கீரையும் கூலிபா மரமும்

லிண்ட்ஹர்ஸ்டில் டீசலும் குடிதண்ணீரும் நிரப்பிக்கொள்ள வேண்டும். இன்னமின்கா வரை சுமார் 470 கிலோமீட்டருக்கு இடையில் கடை கிடையாது. தென் ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரெஸெலெக்கி பாதை இது. 1870இல் ஹாரி ரெட்ஃபோர்ட், திருடிய சுமார் 1,000 மாடுகளைக் குயின்ஸ்லாந்திலிருந்து இந்தப் பக்கமாகத்தான் ஓட்டிவந்தார்.

பாதையின் தென்பகுதியில் ஹோப்லெஸ் மலை. 1840இல் எட்வர்ட் அயர் வைத்த பெயர்; நம்பிக்கையற்றது என்று பொருள். அதனருகே இருந்த மாட்டுப் பண்ணையை நம்பித்தான் 1861இல் பர்க், வில்ஸ், கிங் என்ற ஆய்வுப் பயணிகள் மூவரும் வடக்கிலிருந்து நடந்தார்கள். ஓடை மணலுக்குள் மறைந்தது, தண்ணீரின்றித் திரும்பிவிட்டார்கள். ஒரே பகலில் நாங்கள் வண்டியில் தாண்டிய தூரம் அது. அன்று முழுக்க எனக்குப் பேச்சே வரவில்லை.

மூம்பா எரிவாயு வயல், இன்னமின்கா, பிறகு குயின்ஸ்லாந்து எல்லை. பொழுது சாயும்போது கூப்பர் கிரீக் கரையில், பர்க் குழு முகாமிட்டிருந்த கூலிபா மரத்துக்குச் சற்றுத் தள்ளிக் கூடாரம் போட்டோம்.

1860 டிசம்பர் 16ஆம் தேதி பர்க், வில்ஸ், கிங், கிரே நால்வரும் இங்கிருந்து வடகடலை நோக்கிக் கிளம்பினார்கள். முகாமைக் காத்த பிராஹே நான்கு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார். 1861 ஏப்ரல் 21 காலையில் உணவைப் புதைத்து, ‘தோண்டு’ என்று மரத்தில் செதுக்கிவிட்டுப் போனார். அன்று மாலையே மூவர் வந்து சேர்ந்தார்கள். கிரே நான்கு நாள் முன்பு இறந்திருந்தார். அவரைப் புதைக்க ஒரு நாள் செலவாகியிருந்தது.

என்னை வதைப்பது அந்த ஒரு நாள் அல்ல. உணவை எடுத்தவர்கள், தாங்கள் போகும் திசையை எழுதி அதே குழியில் புதைத்தார்கள். மரத்தில் புதிதாக ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை. மே 8ஆம் தேதி பிராஹே திரும்பி வந்து பார்த்தார். மண் கலையாமல் கிடந்தது. தோண்டாமலே போய்விட்டார்.

இந்த நிலத்தின் யந்த்ருவந்தா மக்கள் அவர்களுக்கு மீனும் நார்டூ என்ற செடியின் ரொட்டியும் கொடுத்தார்கள். பர்க் ஒரு கட்டத்தில் துப்பாக்கி வெடித்து அவர்களை விரட்டினார். நார்டூவைப் பக்குவம் தெரியாமல் தின்றதில் உடம்பு மேலும் நலிந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். பயணத்தின் ஒட்டகங்களோடு இந்தியாவிலிருந்து வந்த கிங், யந்த்ருவந்தா மக்களோடு சேர்ந்து வாழ்ந்தார். செப்டம்பரில் அவர்களைத் தேடி ஹோவிட்டின் குழு வந்தபோது அவர் உயிரோடிருந்தார்.

விடிந்ததும் கரை ஈரத்தில் நார்டூவைத் தேடினேன். தண்டுக்கு நான்கு இலை. நம் வயல்வரப்பு ஆரைக்கீரையின் சொந்தம் அது. குனிந்து தொட்டேன், பறிக்கவில்லை.