தேசூர்: பதிவேட்டில் மண் இல்லாத மேய்க்கால்

தேசூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுத்தறிதான் நினைவுக்கு வரும். திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சி, ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று. நெசவாளர் தெருக்களைத் தாண்டி வெளியே வந்தால் காட்சி மாறிவிடும். ஏரிப் பாசனத்தில் நெல், மானாவாரி மேட்டில் மல்லாட்டை (மணிலாவுக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது). அதற்கும் மேலே, செஞ்சிப் பக்கம் வரை விட்டுவிட்டுத் தொடரும் பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில், ஆடு மாடு மட்டுமே போய்வரும் சிவந்த கரடு. கூழாங்கல்லும் முள்ளும் கிடக்கும். மழை பெய்த 10 நாளில் பச்சை பிடிக்கும்; பங்குனி, சித்திரையில் கால் வைத்தால் சுடும்.

‘அது வெறும் கல்லாங்குத்து, அதில் என்ன மண் இருக்கிறது?’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். இப்படிக் கேட்பதற்கு அரசுப் பதிவேடும் ஒரு காரணம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல எண், நன்செயா புன்செயா, பாசன ஆதாரம் என்று போகும் கட்டங்களுக்கு நடுவே ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கட்டம் வரும். அதில் நடுவில் கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். அடுத்த கட்டம் ‘மண் தரம்’. வந்தவாசி, வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த 19-ம் நூற்றாண்டில், ரயத்துவாரி நிலவரித் திட்டத்துக்காக வகுத்த பாகுபாடு இது. கரிசலா, செவ்வலா, மணல் பாங்கா என்று முதலில் பிரித்தார்கள். அதற்குள் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்த்தார்கள். பிறகு விளைச்சலை வைத்துத் தரம் போட்டார்கள். கையால் தொட்டுப் பார்த்தே இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தது பெரிய வேலைதான். ஆனால், நோக்கம் ஒன்றே ஒன்று, தீர்வை. வரி கட்டாத நிலத்தின் மண்ணைப் பற்றி அந்தத் திட்டத்துக்குக் கவலை இல்லை. அதனால்தான் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, கல்லாங்குத்து, தீர்வை ஏற்படாத தரிசு ஆகியவற்றின் வரிசையில் மண் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது.

கட்டம் வெறுமையாக இருக்கலாம், நிலம் அப்படி இல்லை. இப்படிப்பட்ட மேட்டில் இடுப்பளவு ஒரு குழி வெட்டிப் பார்த்தால் போதும். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு மணல் கலந்த வெளிர்ச் செம்மண். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகத் தள்ளினால், நீளாமல் உடைந்துவிடும். அதற்குக் கீழே நிறம் கூடும். அங்கே எடுத்த மண் பிசுபிசுவென்று ஒட்டும். நாடாவும் ஓரிரு அங்குலம் நீளும். காரணம், பல நூற்றாண்டு மழை மேல்மண்ணிலிருந்த களியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்கும் கீழே வெள்ளைக் கல் கலந்த சரளை, பிறகு கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, கடைசியில் கெட்டிப் பாறை. சிவப்பு நிறத்துக்குக் காரணம் பாறையிலிருந்து விடுபட்ட இரும்பின் ஆக்ஸைடு. சில இடங்களில் அடிமண்ணில் வெண்புள்ளிகள் தெரியும். அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டு, நுரைத்து வந்தால் சுண்ணாம்பு என்று முடிவு செய்யலாம். குன்றை நெருங்க நெருங்க இந்த அடுக்குகள் மெலிந்து, கடைசியில் ஒரு சாண் மண்ணும் பாறையும்தான் மிஞ்சும்.

நடுவில் இருக்கும் அந்தக் களி அடுக்குதான் இந்த மேட்டின் தண்ணீர்த் தொட்டி. மழை நின்று பல நாள் ஆன பிறகும் புல்லின் வேர் அங்கே போய்த்தான் ஈரம் குடிக்கிறது.

1975-ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட மண் வகைப்பாடுதான் இன்று இந்தியாவிலும் நடைமுறையில் இருக்கிறது. உலக மண்ணையெல்லாம் அது 12 பெரும் வகைகளாகப் பிரிக்கிறது. களி கீழிறங்கிச் சேர்ந்த, சத்தை ஓரளவு பிடித்து வைத்திருக்கும் செம்மண், ‘ஆல்ஃபிசால்’ என்ற வகையில் வரும். அடுக்குகள் சரியாக உருவாகாத இளம் மண் ‘இன்செப்டிசால்’. பாறைமேல் மெல்லிசாகக் கிடப்பது ‘என்டிசால்’. ஒரே மேய்க்காலில் நூறடி நடப்பதற்குள் மூன்றையும் பார்த்துவிடலாம். வாயில் நுழையாத பெயர்களாகத் தோன்றினாலும், பின்னாலிருந்து பிரித்தால் சுலபம். ‘ரோடஸ்டால்ஃப்’ என்ற பெயரில் ‘ஆல்ஃப்’ என்பது ஆல்ஃபிசால், ‘அஸ்ட்’ என்பது ஆண்டில் குறைந்தது 90 நாளாவது காய்ந்து கிடப்பது, ‘ரோட்’ என்பது சிவப்பு. காய்ந்து கிடக்கும் களியடி கொண்ட சிவப்பு மண், அவ்வளவுதான். இதற்கும் கீழே ‘மண் தொடர்’ என்று ஊர்ப் பெயரிலேயே பிரிவுகள் உண்டு. கோவைப் பக்கத்து இருகூர் செம்மண்ணுக்கும் பீளமேடு கரிசலுக்கும் அப்படித்தான் பெயர் வந்தது.

இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறதே, இதை அரை வறட்சிப் பகுதி என்பது சரியா என்று சந்தேகம் வரலாம். இரண்டு பருவமழையையும் சேர்த்துப் பெய்யும் மழை, வெயில் உறிஞ்சக்கூடிய அளவுக்கு ஈடாகாது, அதனால் சரிதான். அதிலும் மேல்மண் பொருக்குத் தட்டியிருந்தால், பெய்த மழையில் பெரும்பங்கு உள்ளே இறங்காமல் ஓடிவிடும். புல் இல்லாத வெற்றுத் தரையில் மழைத்துளி நேராக அடித்து, நுண்மண் எழுந்து, துளைகளை அடைத்துக் காய்வதுதான் பொருக்கு. செம்மண்ணின் பெரிய குறை இது. அங்கக கரிமம் குறைவு, தழைச்சத்து குறைவு என்பதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மண்வள அட்டையை வைத்து இந்த நிலத்தை எடை போடவும் முடியாது. 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கார அமில நிலை, உப்பு நிலை, தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டங்கள் என்று 12 அளவுகள் கிடைக்கின்றன. மண் எத்தனை அடி ஆழம், சரளை எங்கே தொடங்குகிறது என்பது அதில் இல்லை. மேய்ச்சல் நிலத்துக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். அதற்கு மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மண் ஆய்வாளர்கள் நிலத்தின் திறனை எட்டு வகுப்புகளாகவும் பிரிக்கிறார்கள். முதல் நான்கு உழவுக்கு. ஐந்து முதல் ஏழு வரை புல்லுக்கும் மரத்துக்கும். எட்டாவதுதான் வெறும் பாறை. வருவாய்க் கணக்கில் ‘தரிசு’ என்று ஒதுங்கிக் கிடக்கும் தேசூர்ப் பக்கத்துக் கரடு, இந்தக் கணக்கில் பெரும்பாலும் ஆறு, ஏழாம் வகுப்பில் வந்து, மேய்ச்சலுக்கு உரிய நிலம் என்று பெயர் வாங்கும்.

காங்கேயம் பக்கம் இதைப் பட்டா நிலத்திலேயே செய்கிறார்கள். தேசூரைவிட மழை குறைந்த, சரளையும் சுண்ணாம்பும் கலந்த நிலம் அது. அதைக் கொரங்காடாக வைத்து, கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்க்கிறார்கள். காங்கேயம் மாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த மேய்ச்சல்தான். அங்கே அது ஒருவருடைய சொத்து, வேலி உண்டு. வடக்கே மேய்க்கால் ஊர்ப் பொது. யாருடைய வேலியும் இல்லை.

வேலி இல்லாத நிலத்துக்கு பொக்லைன் சுலபமாக வந்துவிடுகிறது. வீட்டுமனை நிரப்பவும் சாலை போடவும் ‘கிராவல்’ என்று லாரியில் ஏறுவது இந்த அடுக்குகள்தான். லாரிக்காரருக்கு வேண்டியது சரளை. ஆனால் அதை எடுக்க மேல்மண்ணையும் களியையும் சேர்த்தேதான் வாரியாக வேண்டும். ஓர் அங்குல மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். களி போன இடத்தில் புல் பிடிக்காது. மேட்டில் நிற்க வேண்டிய தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடி, மீதி மண்ணையும் ஏரிக்குள் தள்ளும். பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலத்தை அது காக்கலாம். உள்ளிருக்கும் மண்ணுக்கு ஊர்தான் காவல்.

மேய்க்காலைச் சீர்ப்படுத்த உழவே கூடாது. உழுதால் அந்த ஒரு சாண் மண்ணும் மழையோடு போகும். சரிவுக்குக் குறுக்கே சிறு கீறல் போட்டு, மழைக்கு முன்பாகக் கொழுக்கட்டைப் புல் விதையையும் முயல் மசாலையும் கலந்து விதைக்கலாம். கொழுக்கட்டைப் புல் தனியாக என்றால் ஏக்கருக்கு சுமார் 3 கிலோ தேவைப்படும். புதிதாக அறுத்த விதை ஆறு முதல் எட்டு மாதம் உறங்கும் என்பதால், முந்தைய ஆண்டு விதையே நல்லது. விதை பஞ்சுபோல் பறக்கும், ஈர மண்ணில் புரட்டித் தூவ வேண்டும். முயல் மசால் விதைத்தோல் கெட்டி. கொதி வருவதற்கு முந்தைய சூட்டில், அதாவது 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் நன்றாக முளைக்கும். முதல் ஆண்டு புல் பூத்து விதை உதிரும்வரை ஆடுகளை உள்ளே விடாமல் இருக்க வேண்டும். ஊர் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான்; விதை வாங்குவதைவிட அது கடினம். மேய்க்காலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் மூடி, மறு பாதியில் மேய்ப்பதென்றால் ஆடு வைத்திருப்பவர்களும் சம்மதிப்பார்கள்.