கடைமடை வரைக்கும் ஒரு சைக்கிள்

மேல்மடையில் நிலம் உள்ளவனுக்குத் தண்ணீரின் அருமை பாதிதான் தெரியும். மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது, 62 வயதில் நான் போன ஒரு சைக்கிள் பயணம்.

எங்கள் வயல் கல்லிடைக்குறிச்சிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அப்பா காலமானபின் நிலத்தை இரண்டாகப் பிரித்தோம். வாய்க்காலை ஒட்டிய பாதி எனக்கு, அதற்குக் கீழே இருந்தது தம்பிக்கு. ஒரு தை மாதம், பிசானப் பருவ நெல் பொதி பிடித்து நின்ற சமயம். தண்ணீர் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பியின் இரவு முறையில் நான் மம்பட்டியோடு போய், மடையை என் வயலுக்குத் திருப்பினேன். ஒரே ஒரு ராத்திரிதான். விடிந்ததும் அவன் வந்தான், காய்ந்து கிடந்த தன் வாய்க்காலைப் பார்த்தான், மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் மாசியில், பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியோடு போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். மலையில் பிறந்து கடலில் சேரும்வரை ஆற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். நான் நாலு நாள் எடுத்துக்கொண்டேன். பழைய சைக்கிள், கேரியரில் ஒரே ஒரு பை. விடியுமுன் மிதிக்கத் தொடங்கினால் பதினோரு மணிக்குள் நிறுத்திவிடுவேன். வெயில் ஏறியபின் மிதிப்பது உடம்புக்கு ஆகாது. கிழக்கே போகப்போக மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வேறு முகத்தில் அடிக்கும்.

பஸ்ஸில் போகிறவனுக்கு ஊரின் பெயர்ப்பலகைதான் தெரியும். சைக்கிளில் போகிறவனுக்கு ஊரே காதிலும் மூக்கிலும் வந்து சேரும். வீரவநல்லூரைத் தறிச் சத்தம் சொல்லும். காருகுறிச்சியை மண்பாண்டச் சூளையின் புகை சொல்லும். பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். பாய் நெய்கிற அம்மா செம்பை நீட்டிவிட்டு, "எங்க போறிய?" என்றார். கடல் வரைக்கும் என்றேன். கீறிய கோரையை ஆற்றில் ஊறப்போடுவது பற்றிப் பேச்சு வந்தது. "ஓடுற தண்ணியிலதான் போடணும் அண்ணாச்சி. கெட்டிக் கிடக்குற தண்ணியில போட்டா கறுத்துப்போவும்" என்றார். அந்தப் பேச்சு அடுத்த மூன்று நாளும் என்கூடவே வந்தது.

இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய காலத்தவை. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுந்தது. மலையில் இருக்கும் பாபநாசம் அணை 143 அடிக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கும். இந்த அணைக்கட்டுகளின் வேலை வேறு. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கல் கட்டி, தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்துக் கால்வாய்க்கு வேண்டியதைத் திருப்பிவிடும். மிச்சம் கட்டின் தலைமேல் வழிந்து அடுத்த ஊருக்குப் போகும். நதியுண்ணி என்றால் ஆற்றையே உண்பது என்று பொருள். அந்தப் பெயர் கொண்ட கட்டுகூடத் தன் பங்கை உண்டுவிட்டு மீதியைக் கீழே விடுகிறது. கல்லுக்குத் தெரிந்த கணக்கு எனக்குத் தெரியாமல் போனதே என்று அதன் கரையில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைக் கடந்தேன். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டிப் பார்த்த இடம். 1899இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டி முதுமக்கள் தாழிகளை எடுத்த இடம். செம்மண் மேட்டில் அத்தனை தலைமுறைகள் தாழிக்குள் உறங்குகின்றன. இன்னும் கிழக்கே கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல்தான் கடலைத் தள்ளிவைத்தது என்கிறார்கள். மேலே கரைந்த மண் கீழே நிலமாகியிருக்கிறது. மேற்கே நாம் செய்வது எதுவும் மேற்கோடு நின்றுவிடுவதில்லை.

ஏரலைத் தாண்டி வாய்க்கால் கரையில் போகும்போது சீமைக்கருவேல முள் ஏறிப் பின்சக்கரம் இறங்கிப்போனது. ஒரு மைல் தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கித் திருப்பினார். ஓர் இடத்தில் ஊசிமுனையளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. உப்புத்தாள் தேய்த்தார், சொல்யூஷன் தடவினார், பேட்ச் வைத்துத் தட்டினார். வேலை முடிந்தது என்று நான் பணத்தை எடுத்தேன். அவர் டயருக்குள் விரலை விட்டு உள்சுற்று முழுவதும் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. குறட்டால் பிடுங்கிக் காட்டினார். முறிந்த முள்ளின் நுனி.

"இத எடுக்காம எத்தன பேட்ச் ஒட்டினாலும் அடுத்த ஊர்ல காத்து போயிரும்" என்றார்.

எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது. பதினோரு வருஷமாக நானும் பேட்ச்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். தம்பி மகள் கல்யாணத்துக்குச் சங்கிலி செய்து கொடுத்தனுப்பினேன். பொங்கலுக்குக் கரும்பு அனுப்பினேன். 'உன் முறைத் தண்ணீரை நான் எடுத்தது தப்பு' என்ற ஒரு வார்த்தையை மட்டும் அனுப்பவே இல்லை.

மறுநாள் காலை ஆறு கடலைத் தொடப்போகும் பகுதியில் ஒருவர் வாய்க்காலோரம் நின்றுகொண்டிருந்தார். தோளில் மம்பட்டி. வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேற்கேயிருந்து சைக்கிளில் வருகிறேன் என்று தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மேல தண்ணி விட்டுருக்காவளா அண்ணாச்சி?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அந்த விடியற்காலையில் என் தம்பி நின்ற நிலையும் இதேதான். அன்று நான் வரப்பின் மேல் பக்கத்திலிருந்து அவன் முதுகைப் பார்த்தேன். இப்போதுதான் கீழ்ப்பக்கத்திலிருந்து முகத்தைப் பார்க்கிறேன்.

புன்னைக்காயலில் கடலைப் பார்த்துவிட்டு, சைக்கிளைப் பஸ்மேல் ஏற்றி ஊர் திரும்பினேன். நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். உட்காராமலே அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் வெகுநேரம் தரையைப் பார்த்தபடி இருந்தான். "ஒரு ராத்திரித் தண்ணிக்காவா இத்தன வருசம் இருந்தேன்? நீ வாயால சொல்லணும்னுதான் இருந்தேன்ணே" என்றான்.

பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தக் கடைமடைப் பக்கம் பெருமழை கொட்டி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் வெள்ளத்தில் கிடந்தன. வறட்சி வந்தாலும் கடைமடைக்குத்தான், வெள்ளம் வந்தாலும் கடைமடைக்குத்தான். மற்றவர்களுக்கு அது தொலைக்காட்சிச் செய்தி. எனக்குப் பஞ்சர் கடைக்காரரின் விரலும் மம்பட்டிக்காரரின் முகமும் கண்முன் நின்றன. என்னால் முடிந்த அரிசியும் போர்வையும் சேர்த்து அனுப்பினேன். முதலில் கையைக் கொடுத்தவன் என் தம்பி.

வீட்டில் மூத்தவர், அலுவலகத்தில் மேலே இருப்பவர், ஊரில் சொல் செல்லுகிறவர், எல்லோரும் மேல்மடைக்காரர்கள்தான். வேண்டியதை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. நாம் மடையைத் திருப்பும்போது கீழே எந்த வாய்க்கால் வற்றுகிறது என்று பார்க்காமலே வாழ்ந்துவிடுவதுதான் குற்றம். மேலே நின்று எட்டிப் பார்த்தால் அது தெரியாது. இறங்கிப் போகவேண்டும், ஊர் ஊராக நின்று போகவேண்டும், கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் வேகத்தில் போகவேண்டும். அதற்குச் சைக்கிளை விட நல்ல வாகனம் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளே, உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ வாய்க்காலோ இருக்கும். ஒரு மாசி மாதம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்புங்கள். கடைசி வயல் வரைக்கும் போங்கள். அங்கே மம்பட்டியோடு நிற்பவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்லும்படி வாழ்ந்தால் போதும்.